நிலைத்திரையும் வருபடமும்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கூடத்தில் புது டிவி, டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம். சிவாஜி கணேசன் நடந்து வருகிறார். நடையில் குறையில்லை, இடுப்பில்தான் ஏதோ கூடியிருக்கிறது.

“என்னடா இது, அந்தக் காலத்துலயே இப்படியா இருந்தார்? பராசக்தியில குச்சி மாதிரி இருப்பாரே” என்கிறார் தாத்தா. பேரன் ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்குகிறான். சிவாஜி இளைக்கிறார், ஆனால் திரையின் இரு பக்கமும் கறுப்புச் சுவர் எழும்புகிறது. “டிவி ரிப்பேரா?” என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறார் பாட்டி. மறுபடி அமுக்குகிறான். சுவர் மறைகிறது, கூடவே சிவாஜியின் முன்தலையும் மறைகிறது. மூன்றாம் அமுக்கலில் அவர் பழையபடி பருத்துவிட, “இதுவே இருக்கட்டும், நிறைவா இருக்கு” என்று பாட்டியிடமிருந்து தீர்ப்பு வருகிறது.

இந்த மூன்று அமுக்கல்களுக்குள் அடங்கிக் கிடக்கும் இலக்கணத்தை நூலாக்க இதுவரை யாரும் முன்வராதது தமிழாய்வுக்கு நேர்ந்த இழுக்கு. இத்தனைக்கும் அதற்குத் தேவையான கலைச்சொற்களை 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நிலைமொழியோடு வருமொழி சேர்ந்தால் என்ன ஆகும்? ஒன்று, எதுவும் ஆகாது: வாழை, மரம், வாழைமரம். இது இயல்பு. அல்லது ஏதாவது ஆகும். அது விகாரம். விகாரம் மூன்று: புதிதாக ஒன்று முளைத்தால் தோன்றல் (வாழைப்பழம்), உருமாறினால் திரிதல் (பற்பொடி), காணாமல் போனால் கெடுதல் (மரவேர்). எட்டாம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மறந்தவர்கள், சுவரில் மாட்டியிருக்கும் டிவியை நிலைத்திரை என்றும் அதற்குள் வந்து சேரும் காட்சியை வருபடம் என்றும் கொள்க. மீதி தானாக விளங்கும்.

இயல்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இன்றைய டிவி 16:9. அதாவது அகலம் பதினாறு பங்கென்றால் உயரம் ஒன்பது. இன்றைய மெகா சீரியலும் கிரிக்கெட்டும் 16:9லேயே எடுக்கப்படுகின்றன. இரண்டும் பொருந்தும். மாமியார் மருமகள் சண்டை ஒரு புள்ளிகூடச் சிதையாமல் வீடு வந்து சேரும். விகாரமெல்லாம் பழைய படங்களிலும், தியேட்டருக்காக எடுத்த படங்களிலும், கல்யாண வீட்டில் மச்சான் செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவிலும்தான்.

வருபடங்கள் ஏன் இத்தனை வடிவில் வருகின்றன என்பதற்கு ஒரு துளைக் கணக்கு உண்டு. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வில்லியம் டிக்சன், 1890களின் தொடக்கத்தில், ஈஸ்ட்மன் கம்பெனியின் 70 மி.மீ. ஃபிலிமை நெடுக்காக இரண்டாகப் பிளந்து 35 மி.மீ. ஆக்கினார். ஓரங்களில் துளை போட்டார். ஒரு படத்துக்கு நான்கு துளை உயரம் என்று வைத்தார். வந்த வடிவம் 4:3. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு உலகம் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள்தான் அழுதது, சிரித்தது, வாள் வீசியது. பேசும் படம் வந்தபோது ஃபிலிமின் ஓரத்தில் ஒலித்தடத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருந்ததால் படம் ஒடுங்கி ஏறக்குறையச் சதுரமாயிற்று. 1932ல் ஹாலிவுட் அகாதமி தலையிட்டு, அகலம் உயரத்தைப்போல 1.37 மடங்கு என்று வரையறுத்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் ஹாலிவுட்டுக்குப் போய், திரையைச் சதுரமாகவே வைத்துவிடுங்கள், அதற்குள் நெட்டையோ குட்டையோ இயக்குநர் பார்த்துக்கொள்வார் என்று வாதாடினார். எவரும் செவிசாய்க்கவில்லை. சாய்த்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையிருந்திராது என்பதால் அவர்களுக்கு ஆய்வாளரின் நன்றி.

டிவி பிறந்தபோது சினிமாவின் 4:3ஐ அப்படியே எடுத்துக்கொண்டது. பங்காளி தன் வீட்டைப் போலவே வீடு கட்டினால் மூத்தவர் என்ன செய்வார்? முற்றத்தை அகலப்படுத்துவார். 1952ல் மூன்று புரொஜெக்டர்களை ஒரே நேரத்தில் ஓட்டி வளைந்த திரையை நிரப்பியது சினிராமா. 1953ல் ‘தி ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. இது பிரெஞ்சுக்காரர் ஆன்றி க்ரெத்தியனின் லென்ஸை வைத்துச் செய்த வித்தை: படமெடுக்கும்போது காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி, தியேட்டரில் காட்டும்போது விரித்துவிடுவது. அந்த லென்ஸைக் கழற்ற மறந்து சாதாரணச் செய்திப் படத்தை ஓட்டினால் திரையில் மந்திரிகள் இரு மடங்கு அகலத்தில் அணைக்கட்டு திறப்பார்கள். இந்தியாவுக்கு 1959ல் குரு தத்தின் ‘காகஸ் கே பூல்’ வழியாகவும், தமிழுக்கு 1973ல் ‘ராஜராஜ சோழன்’ வழியாகவும் ஸ்கோப் வந்து சேர்ந்தது. பெரிய கோயிலைக் கட்டியவருக்கு 4:3 போதாது என்று நினைத்ததில் தவறில்லை.

ஆக, ஒரு பக்கம் 4:3ன் 1.33, மறு பக்கம் ஸ்கோப்பின் 2.35. இடையில் 1.66, 1.85, 2.20 என்று சில்லறை உறவினர்கள். 1980களில் உயர்தரத் தொலைக்காட்சிக்கு ஒரு பொது வடிவம் தேட வேண்டி வந்தபோது, அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தைச் சேர்ந்த கெர்ன்ஸ் பவர்ஸ் ஒரு காரியம் செய்தார். எல்லா வடிவங்களையும் சம பரப்புள்ள செவ்வகங்களாக்கி, நடுவைப் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எல்லாவற்றையும் சுற்றி நின்ற வெளிச்சட்டமும், எல்லாவற்றுக்கும் பொதுவாக அமைந்த உட்சட்டமும் ஒரே விகிதத்தில் இருந்தன: ஏறத்தாழ 1.77. அதுதான் 16:9.

இதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. அன்றைக்கு 16:9ல் படமெடுப்பவர் என்று சொல்லிக்கொள்ளும்படி யாருமில்லை. ஆளில்லாத நடு இடத்தில் வேலி போட்டதால் இரு தரப்புக்கும் இழப்பு ஒன்றாகவே விழுந்தது. 16:9 திரையில் பழைய 4:3 படத்தை முழுதாக வைத்தால் இரு பக்கமும் சேர்த்து 25 சதவீதம் கறுப்பு. ஸ்கோப் படத்தை முழுதாக வைத்தால் மேலும் கீழும் சேர்த்து 24 சதவீதம் கறுப்பு. ஊர்ப் பஞ்சாயத்தில் இதைவிடச் சமமாக இருவரையும் அழவைத்த தீர்ப்பு கிடைப்பது அரிது. வாங்கிய டிவி நமக்குப் பொருந்தவில்லையே என்று அங்கலாய்ப்பவர், அது எவருக்கும் பொருந்தாமல் இருக்கும்படி கணக்குப் போட்டே செய்யப்பட்டது என்பதை அறிக.

இனி விகாரங்கள். முதலில் தோன்றல், அதாவது கறுப்புப் பட்டை. படத்துக்கு எந்தச் சேதமும் செய்யாத விகாரம் இது ஒன்றுதான். ஆனாலும் நம் வீடுகளில் இதற்குக் கிடைக்கும் வரவேற்பு சொல்லும் தரத்தில் இல்லை. “முழுசுக்கும் காசு குடுத்துட்டு முக்கால் டிவியில படம் பார்க்கணுமா?” என்ற கேள்வியைத் தூயவாதிகள் அறியாமை என்று ஒதுக்குவார்கள். ஆய்வாளர் அப்படி ஒதுக்க மாட்டார். காரணம் அளவு நாடா. தாத்தா வீட்டில் முன்பு இருந்தது 29 அங்குல டப்பா டிவி. கண்ணுக்குத் தெரியும் திரை மூலைக்கு மூலை 68 செ.மீ. அதைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிட்டு வாங்கியது 32 அங்குல எல்இடி. அதில் 4:3 படத்தைப் பட்டையோடு வைத்தால் மூலைக்கு மூலை 66 செ.மீ. மூன்று அங்குலம் கூடுதலாக வாங்கி, எம்ஜிஆரை இரண்டு செ.மீ. சுருக்கியிருக்கிறார்கள். கோபம் நியாயமானது.

பட்டையிலும் வகையுண்டு. டிவியே வரைவது ஒன்று. சேனலிலிருந்து படத்தோடு சேர்ந்தே வருவது மற்றொன்று. பின்னதை டிவி பட்டை என்று அறியாது. அதற்கு அது இருட்டுக் காட்சி, அவ்வளவே. பிளாஸ்மா டிவிக் காலத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது: நாள் முழுக்கப் பட்டையோடு ஓட்டினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, பிறகு முழுத்திரைப் படம் போட்டாலும் பட்டையின் தடம் தெரியும். அதனால் சில கம்பெனிகள் கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறப் பட்டை போட்டன. வெறுமைக்கு நிறம் தேர்ந்தெடுக்க நேர்ந்த முதல் பொறியாளர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது திரிதல். 4:3 படத்தை இழுத்து 16:9ஐ நிரப்பினால் அகலம் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடும். பத்மினியின் முகம் பூசணியாகும். கிராமபோன் தட்டு முட்டையாகும். மாட்டு வண்டிச் சக்கரம் நீள்வட்டமாக இருந்தும் வண்டி குலுங்காமல் ஓடும். ஒரே ஆள் படுத்தால் நீளமாகிறார், எழுந்தால் அகலமாகிறார். இந்த ஒரு காட்சியே இழுப்பைக் கண்டுபிடிக்கப் போதும். ஆனால் கண் பழகிவிடுகிறது. பத்து நிமிடம் பார்த்தபின் சரியான அளவைக் காட்டினால், “எல்லாரும் ஏன் நோஞ்சானா இருக்காங்க?” என்று கேட்பவர்கள் உண்டு.

திரிபின் உச்சம், நடுவை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் இழுக்கும் முறை. கதாநாயகன் நடுவில் நிற்பார், அவர் கெடாமல் இருந்தால் போதும் என்ற நல்லெண்ணத்தில் உருவானது. வரிசையாக நின்று ஆடும் பாடலில் நடுவிலிருப்பவர் கொடியிடை, ஓரத்திலிருப்பவர் அடிமரம். ஆட்டத்தில் இடம் மாறும்போது எடையும் மாறுகிறது. இதன் முழு அழகைக் காணச் செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். வலது ஓரத்தில் கொழுத்து நுழையும் ‘மழை’, நடுவில் மெலிந்து, இடது ஓரத்தில் மீண்டும் கொழுத்து வெளியேறும். வேகமும் அப்படித்தான்: ஓரத்தில் ஓட்டம், நடுவில் நிதானம். அளபெடைக்கு இலக்கணம் சொன்னவர்கள் சொல்லின் முதலிலும் கடைசியிலும் ஒரே நேரத்தில் இழுக்கும் இப்படியொரு வகையை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

திரிதலுக்குப் பெரும்பாலும் டிவியைத் திட்டுவது வழக்கம். பாதிக் குற்றம் வருபடத்துடையது. நம் நாட்டில் இருந்த பழைய தரத்தில் ஒரு படம் என்பது 720க்கு 576 புள்ளிகள். இது 4:3ம் இல்லை, 16:9ம் இல்லை. கணக்குப் போட்டால் 5:4. ஒரே புள்ளிக் கூட்டத்தை இப்படியும் விரிக்கலாம், அப்படியும் விரிக்கலாம். எப்படி விரிக்க வேண்டும் என்று படத்தோடு ஒரு சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பவும் செய்கிறார்கள். இடையில் ஒருவர் சீட்டைத் தொலைத்தாலோ, செட்டாப் பாக்ஸ் அதைப் படிக்காமல் விட்டாலோ, டிவி தன் மனம்போல் விரித்துவிடும். ஜாதகம் தொலைந்த பையனுக்கு ஆளாளுக்கு ஒரு நட்சத்திரம் சொல்வதைப் போன்றது இது.

மூன்றாவது கெடுதல். இதுவே கொடியது, இதுவே பாட்டிகளுக்குப் பிடித்தமானது. பெரிதாக்கினால் பட்டை போகும், பட்டையோடு படமும் போகும். 4:3ஐப் பெரிதாக்கி 16:9ஐ நிரப்பினால் உயரத்தில் கால்வாசி வெட்டு. இலக்கணத்தில் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்று மூன்றுண்டு. டிவியில் முதற்குறைக்குச் சான்று, தலைப்பாகை இல்லாத ராஜா. கடைக்குறைக்குச் சான்று, பரதநாட்டியத்தில் பாதம். சலங்கை ஒலிக்கும், கால் இராது. இடைக்குறைக்குச் சான்று தேடியபோது அதன் நேர் எதிர் கிடைத்தது. ஸ்கோப் படத்தில் இடது கோடியில் காதலன், வலது கோடியில் காதலி, நடுவில் பூ ஜாடி. அதை 4:3 டிவிக்காக வெட்டினால் 43 சதவீதம் போய், நடு மட்டும் எஞ்சும். பூ ஜாடி இரு குரலில் காதல் வசனம் பேசுவதை அந்நாள் நேயர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இதைச் சமாளிக்க, வெட்டுச் சட்டத்தைக் காதலனிடமிருந்து காதலிக்கு நகர்த்திக்கொண்டே போகும் முறை ஒன்று இருந்தது. இயக்குநர் வைக்காத இடத்தில் கேமரா திரும்பும். அமெரிக்க இயக்குநர் சிட்னி போலக் இதற்காக வழக்கே போட்டார். அவருடைய ‘த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டர்’ படத்தை டென்மார்க் தொலைக்காட்சி இப்படி வெட்டிக் காட்டியதாக நீதிமன்றம் போனார். 1997ல் தீர்ப்பு வந்தது: வெட்டியது படைப்பைச் சிதைத்த செயல்தான் என்று நீதிமன்றம் ஏற்றது, ஆனால் வேறொரு சட்ட நுணுக்கத்தால் வழக்கு தோற்றது. கெடுதலுக்கு நீதிமன்றம் கண்ட உரை இதுவாகும்.

வெட்டுவதில் போவது வெறும் வானமும் தரையும்தானே என்பவர்களுக்கு இரண்டு மறுப்புகள். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது, 4:3ல் வரையப்பட்ட பழைய சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரின் பகுதிகள் 16:9க்கு வெட்டப்பட்டு வந்தன. ஒரு காட்சியில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பீர்த் தொட்டிகள். மூன்றும் மேலே ஒரே குழாயிலிருந்து நிரம்புகின்றன என்பதுதான் நகைச்சுவை. வெட்டில் குழாய் போயிற்று. எஞ்சியது, மூன்று தொட்டிகள் நிற்கும் சாதாரணத் தொழிற்சாலை. கூச்சல் எழுந்து, 2020 மே மாதம் 4:3 திரும்பி வந்தது. பாடம் கற்றார்களா என்றால், அடுத்த ஆண்டே நெட்ஃபிளிக்ஸில் சைன்ஃபெல்ட் என்ற பழைய தொடர் அகலமாகி வந்தது. அதில் ‘சாலைப் பள்ளம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பகுதி. ஒரு காட்சியில் பாத்திரம் குனிந்து அந்தப் பள்ளத்தை வெறிக்கிறது. பள்ளம் சட்டத்துக்குக் கீழே போய்விட்டது. தலைப்பு மட்டும் இருக்கிறது.

நம்மூரிலும் முன்னுதாரணம் உண்டு. 1964ல் வந்த ‘கர்ணன்’ 2012ல் டிஜிட்டலாகப் புதுப்பிக்கப்பட்டு சினிமாஸ்கோப்பாக வெளிவந்து நன்றாக ஓடியது. 1.37 சட்டத்தை 2.35க்குக் கொண்டுபோக ஒன்று இழுக்க வேண்டும், இல்லை வெட்ட வேண்டும். முழுக்க வெட்டியே செய்வதானால் உயரத்தில் 42 சதவீதம் விடைபெறும். பார்க்க வந்தவர்கள் சட்ட விகிதம் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கொடை கொடுத்தே பழகியவரிடம் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன என்று நினைத்திருக்கலாம்.

பாட்டிகளின் தரப்பையும் பதிவு செய்வது ஆய்வறம். 2006ல் தமிழக அரசு வீடுதோறும் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலம், 4:3. அதில் ஒரு ஸ்கோப் படத்தைப் பட்டையோடு முழுமையாகக் காட்டினால் படத்தின் உயரம் ஐந்து அங்குலத்துக்கும் குறைவு. தீப்பெட்டியை நீளவாக்கில் மூன்று முறை வைப்பதற்குள் முடிந்துவிடும். பத்தடி தள்ளி உட்கார்ந்து அதில் வடிவேலுவின் முகபாவத்தைக் காண்பது கண் மருத்துவரின் சோதனைக்குச் சமம். பட்டை என்றாலே பறிப்பு என்ற பயம் அங்கே ஊறியது. திரை மூன்று மடங்கு வளர்ந்த பின்னும் பயம் அப்படியே இருக்கிறது.

மூன்று விகாரங்களிலும் அடங்காத ஒன்று பாக்கி. செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த 9:16 வீடியோ. 16:9 திரையில் அது மூன்றில் ஒரு பங்குகூட இடம் பிடிக்காது. இரு பக்கமும் காலியாக இருப்பதைப் பொறுக்காத செய்திச் சேனல்கள் அதே வீடியோவை மங்கலாக்கி, பெரிதாக்கி, பின்னால் விரித்துவிடுகின்றன. நடுவில் ஓடும் யானை ஓரங்களில் சாம்பல் மேகமாகவும் ஓடும். தனக்கென்று பொருளில்லாமல் இரண்டுக்கும் நடுவில் இட்டு நிரப்ப வருவதற்கு இலக்கணத்தில் பெயர் சாரியை. இது சாரியையேதான். சாரியையே வேண்டாம், நிலைத்திரையே வளைந்து கொடுக்கட்டும் என்று 2019ல் சாம்சங் கம்பெனி, படத்துக்கேற்ப நிமிர்ந்து நிற்கும் டிவியைக் கொண்டுவந்தது. அதன் பெயர் செரோ. கொரிய மொழியில் செங்குத்து என்று பொருள்.

கடைசியாக, பனங்காய். பனை, காய் இரண்டும் சேரும்போது ஐ கெட்டு, அம் தோன்றி, அதன் மகரம் ஙகரமாகத் திரிந்து, மூன்று விகாரமும் ஒரே சொல்லில் நடக்கும். டிவியிலும் நடக்கும். சேனல்காரர் ஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் பட்டையோடு வைத்து அனுப்புகிறார்: தோன்றல். செட்டாப் பாக்ஸ் அந்த 4:3ஐ இழுத்து 16:9 ஆக்குகிறது: திரிதல். இப்போது திரையின் மேலும் கீழும் பட்டை, நடுவில் அகன்ற கதாநாயகன். பட்டையைப் பொறுக்காத வீட்டார் டிவி ரிமோட்டை எடுத்து, பட்டை மறையும்வரை ஜூம் செய்கிறார்கள்: கெடுதல். விளைவு, படத்தின் அகலத்தில் 43 சதவீதம் போயிற்று. எஞ்சியவர்கள் அனைவரும் மூன்றில் ஒரு பங்கு பருத்தவர்கள். பாக்ஸுக்கு ஒரு ரிமோட், டிவிக்கு ஒரு ரிமோட் என்று இருக்கும்வரை இந்தப் பனங்காய் பழுக்கும்.

இதில் இரண்டாம் கட்டத்தை மட்டும் தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். 4:3ஐ அதனாலேயே பெருக்கினால் 16:9. இன்னொரு முறை பெருக்கினால் 64:27, அதாவது 2.37, ஏறத்தாழ ஸ்கோப். இந்த மூன்றாம் அடுக்கை விற்க 2009ல் பிலிப்ஸ் கம்பெனி 21:9 என்ற பெயரில் 56 அங்குல டிவி ஒன்றைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் கைவிட்டது. அதில் ஸ்கோப் படம் அற்புதமாக நிறைந்தது, மற்ற எல்லாவற்றுக்கும் பக்கவாட்டில் பட்டை விழுந்தது. நான்காம் அடுக்கு 256:81. அகலம் உயரத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். அந்த விகிதத்தை, பட்டையோடு வந்த ஸ்கோப் படத்தை செட்டாப் பாக்ஸ் இழுத்த கணத்தில், தாத்தா வீட்டு 32 அங்குலத் திரை எட்டியிருந்தது. ஏறத்தாழ நாலு விநாடி இருந்தது. அதற்குள் பாட்டி, “மேலயும் கீழயும் கறுப்பா என்னமோ வருது பார், ஜூம் பண்ணுடா” என்றார்.